எழுத்துருவும் ஏடும்: தமிழ்க் கணினிப் பழம்பொருள் சேகரிப்பும் மின்பனுவல் திறனாய்வும்

ஆய்வுச் சுருக்கம்

1980, 1990களில் தமிழை எழுதவும் அச்சிடவும் உருவாக்கப்பட்ட மென்பொருள்களும் அவற்றுக்குத் துணைநின்ற அட்டைகள், விசைப்பலகைகள், வன்பூட்டுகள் முதலியனவும் இன்று எந்த நூலகத்தின் பட்டியலிலும் முறையாக இடம்பெறவில்லை. பழைய வீட்டுக் கணினிகளைத் திரட்டுவோரின் பார்வையிலும் அவற்றுக்கு மதிப்பில்லை. தமிழ் மின்பனுவல்களில் காணப்படும் ஒருவகைப் பிழைகளின் மூலத்தை அறிய இப்பொருள்கள் இன்றியமையாதவை என்பதால், அவற்றைச் சேகரிப்பது பொழுதுபோக்கு அன்று, பதிப்பியலின் ஒரு பகுதி என்பது இக்கட்டுரையின் வாதம். சுவடித் திரட்டலுக்குப் பெயர்பெற்ற தஞ்சை வட்டாரம் இவ்வாதத்தின் களமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கணினித்தமிழ், எழுத்துரு, குறியேற்றம், ஜிஸ்ட் அட்டை, மின்பனுவல், பாடவேறுபாடு, சரசுவதி மகால்

முன்னுரை

கணினித்தமிழ் வரலாறு இதுவரை இரண்டு வழிகளில் எழுதப்பட்டு வந்துள்ளது. ஒன்று, முதன்மைகளின் வரலாறு. 1984இல் கனடாவில் முனைவர் கே. சீனிவாசன் உருவாக்கிய ‘ஆதமி’, 1985இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் தொடங்கிய ‘முரசு’, 1990களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் வழங்கிய ‘மயிலை’ எழுத்துரு, சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் ‘கணியன்’ என்று அது வரிசைப்படும். மற்றொன்று, தரப்பாடுகளின் வரலாறு. 1991இன் இஸ்கி, அதே ஆண்டில் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பு, 1997இல் சிங்கப்பூரில் நடந்த கருத்தரங்கு, 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய ‘தமிழ்நெட் 99’ மாநாடு, அதன் பயனாக வந்த டாம், டாப் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும், இணையவழி விவாதங்களில் பிறந்த திஸ்கி, 2010இல் தமிழ்நாடு அரசு ஏற்ற ஒருங்குறியும் டேஸ்16உம் என்று அது செல்லும்.

இரு வழிகளும் தேவையானவையே. ஆயினும் இரண்டிலும் பொருள் இல்லை. ஆதமியின் பெயர் எல்லா நூல்களிலும் உண்டு. அது எத்தனை நெகிழ்வட்டுகளில் வந்தது, எந்த அச்சுப்பொறியை எதிர்பார்த்தது, எந்த விசையை அழுத்தினால் எந்த எழுத்து எழுந்தது என்பவற்றை அந்நூல்கள் சொல்வதில்லை. ஓர் உரையாசிரியரின் பெயரையும் காலத்தையும் மட்டும் கூறி அவர் உரையைப் படிக்காமலே இலக்கிய வரலாறு எழுதினால் அதை நாம் ஏற்பதில்லை. கணினித்தமிழில் மட்டும் அதனை ஏற்று வந்திருக்கிறோம்.

அரிது என்பதன் பொருள்

பழைய வீட்டுக் கணினிகளைத் திரட்டுவது மேலைநாடுகளில் நன்கு வேரூன்றிய மரபு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ், அமெரிக்காவின் மவுண்டன் வியூ ஆகிய இடங்களில் இதற்கென்றே அருங்காட்சியகங்கள் உள்ளன. தனியாரும் பெருமளவில் திரட்டுகின்றனர். 1976இல் ஏறத்தாழ 200 மட்டுமே செய்யப்பட்ட ஆப்பிள்-1 பல இலட்சம் டாலருக்கு ஏலம் போகிறது. ஸ்பெக்ட்ரம், கொமடோர் 64, பிபிசி மைக்ரோ முதலியவற்றுக்கு வெளிவந்த விளையாட்டு ஒலிநாடாக்கள், வழக்கத்துக்கு மாறான இணைப்பு வன்பொருள்கள் ஆகியவற்றைத் தேடி அலைவோர் உண்டு. இவர்கள் தொண்டு பெரிது. நெகிழ்வட்டின் காந்தத் துடிப்புகளை அப்படியே படித்தெடுக்கும் கிரையோஃபிளக்ஸ், கிரீஸ்வீசில் போன்ற கருவிகளும், மறைந்த கணினிகளை மென்பொருளால் நடித்துக் காட்டும் மேம் போன்ற போன்மிகளும் பெரும்பாலும் இத்தகைய ஆர்வலர்களின் உழைப்பே.

ஆனால் இம்மரபில் ‘அரிது’ என்ற சொல்லுக்குச் சந்தை பொருள் தந்துவிட்டது. விரும்புவோர் பலராகவும் பொருள் சிலவாகவும் இருந்தால்தான் அது அரிய பொருள். ஒன்றே ஒன்று எஞ்சியிருந்து, அதைக் கேட்பார் எவரும் இல்லையெனில் அது குப்பை. தமிழ் மென்பொருள்கள் இரண்டாவது வகையில் அடங்குகின்றன. ஒரு தமிழ்ச் சொற்செயலியின் கையேட்டுக்கு ஏல மதிப்பு இல்லை. எனவே அது காக்கப்படுவதுமில்லை. சேகரிப்பாளரின் ஆர்வத்தை நம்பித் தமிழாய்வு வாளாவிருக்க முடியாது என்பதற்கு இதுவே போதிய காரணம்.

இந்தியாவின் வீட்டுக் கணினி வரலாறே சற்று வேறானது. கணினி பெரும்பாலோர் வீட்டுக்கு வரவில்லை. பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் தட்டச்சு நிலையத்துக்கும் வந்தது. 1984இல் நடுவணரசு தொடங்கிய ‘கிளாஸ்’ என்னும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோக்கள் வழங்கப்பட்டன. புணேயின் டெசிபெல்ஸ் நிறுவனம் 1980களின் பிற்பகுதியில் ஸ்பெக்ட்ரத்தின் இந்திய வடிவத்தை விற்றது. காவிரிப் படுகையின் சிற்றூர்களில் பெரும்பாலோர் முதன்முதலில் கண்ட கணினி, கடைத்தெருவின் டிடிபி மையத்தில் திருமண அழைப்பிதழ் அடித்த கணினியாகவே இருந்திருக்கும்.

எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் தமிழ்

வீட்டுக் கணினிகளின் எழுத்தமைப்பைச் சற்று விரிவாகக் காண வேண்டும். பின்னர் வந்த தமிழ் எழுத்துருக்களின் பல இயல்புகளுக்கு இங்கே விளக்கம் கிடைக்கிறது.

பிபிசி மைக்ரோவின் நினைவகம் 32 கிலோபைட். அதில் ஓர் எழுத்து, எட்டு வரிசை எட்டுப் பத்தி கொண்ட புள்ளிக் கட்டம். எட்டு எண்களைத் தந்து பயனரே புதிய வடிவம் ஒன்றை வரையலாம். ஸ்பெக்ட்ரத்திலும் கட்டம் அதே அளவினது; பயனர் வரைந்துகொள்ளத்தக்க வடிவங்கள் 21. தமிழின் உயிர் 12, மெய் 18 என முப்பது அடிப்படை எழுத்துகளே அந்த 21இல் அடங்கா. கொமடோர் 64இல் 256 வடிவங்கள் கொண்ட முழுத் தொகுதியையும் 2 கிலோபைட்டில் மாற்றி எழுதலாம். அங்கே எண்ணிக்கை தடையன்று, அகலமே தடை.

மூன்று சுழி ணகரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கோடு, ஓர் இடைவெளி, மறுபடி ஒரு கோடு என்று சென்றால் மூன்று வளைவுகளுக்கே ஏழு பத்திகள் வேண்டும். எட்டாவது பத்தி அடுத்த எழுத்திலிருந்து பிரிக்கும் வெளிக்குப் போய்விடும். சுழியின் உட்புறத்தைக் காட்ட இடமே இல்லை. இரண்டு சுழி னகரத்தோடு அது மயங்கும். இரு கட்டங்களை இணைத்து ஓர் எழுத்தாக்கலாம். ஆனால் அப்போது 40 எழுத்துகள் கொண்ட திரைவரி தமிழுக்குப் பாதியாகச் சுருங்கும். உரோமன் எழுத்தின் அளவை உலகளவு எனக் கொண்டு வார்க்கப்பட்ட பொறி தமிழை எவ்வாறு நெருக்கியது என்பதற்கு இது ஒரு கண்கூடான சான்று.

ஐபிஎம் வகைக் கணினிகள் வந்தபோது நிலைமை தளர்ந்தது. ஹெர்குலிஸ் அட்டையின் 720×348 புள்ளித் திரையில் தமிழ் எழுத்துகள் மூச்சுவிட இடம் கிடைத்தது. ஆயினும் எழுத்துரு ஒன்றில் 256 இடங்கள் என்னும் வரம்பு நீடித்தது. அதிலும் ஆங்கிலத்துக்குப் பாதி போய்விட்டால் எஞ்சுவது ஏறத்தாழ 128. தமிழின் 247 எழுத்துகளை இங்கு அடக்க ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியைக் கண்டனர். சிலர் ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழ் வடிவங்களை அமர்த்தினர். சிலர் மேற்பாதியில் அமர்த்தினர். கால், கொம்பு, கொக்கி ஆகியவற்றைப் பிரித்து வைத்தல், உகர ஊகார வரிசைகளைத் தனி வடிவங்களாகக் கொள்ளுதல், கிரந்த எழுத்துகளுக்கு இடம் தருதல் ஆகிய முடிவுகள் எழுத்துருவுக்கு எழுத்துரு மாறின. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் இங்கே பெரிதும் உதவியது. யானைக் கொம்பு லை, ணை முதலிய தனி வடிவங்கள் நீங்கியதால் இடங்கள் மிஞ்சின.

ஜிஸ்ட் அட்டை

இம்முயற்சிகளுள் வன்பொருள் வழியே தீர்வு கண்டது ஜிஸ்ட். கான்பூர் ஐஐடியில் மோகன் தாம்பே முதலியோர் 1980களில் நடத்திய ஆய்வின் தொடர்ச்சியாக, 1988இல் தொடங்கப்பட்ட சி-டாக் நிறுவனம் இதனை வளர்த்தெடுத்தது. கணினியின் உள்ளே செருகப்படும் ஒரு துணை அட்டை. திரைக்குச் செல்லும் குறியெண்களை இடைமறித்து இந்திய எழுத்துகளாக வரைந்து காட்டும். ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட டிபேஸ் போன்ற நிரல்களிலும் தமிழில் பதிவிட அது இடம் தந்தது. சேமிக்கப்பட்டது எழுத்தின் வடிவம் அன்று, ஒலிவழி அமைந்த இஸ்கி குறி. எழுத்துருக் கோப்புகளுக்கும் ஜிஸ்ட் கோப்புகளுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே: முன்னவை கண்ணுக்குத் தெரிந்ததைச் சேமித்தன, பின்னவை சொல்லப்பட்டதைச் சேமித்தன. ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி 1988ஆம் ஆண்டின் இஸ்கி அமைப்பை ஒட்டி எழுந்ததால், ஜிஸ்ட் வழிவந்த தரவு இன்றைய குறியேற்றத்துக்கு எளிதில் மாறக்கூடியது.

இவ்வட்டை தமிழில் செயற்பட்ட முறையை அறிய விரும்பும் ஆய்வாளர் இன்று என்ன செய்வார்? மென்பொருள் மட்டுமெனில் டாஸ்பாக்ஸ் போன்ற போன்மியில் இயக்கிவிடலாம். அட்டையை அவ்வாறு இயக்க முடியாது. அதன் ரோம் சில்லில் உறைந்துள்ள எழுத்து வடிவங்களையும் விதிகளையும் முதலில் படித்தெடுக்க வேண்டும். அதற்கு அட்டை கையில் இருக்க வேண்டும். பல வணிக மென்பொருள்கள் அச்சுப்பொறி வாயிலில் செருகப்படும் டாங்கிள் என்னும் வன்பூட்டோடு விற்கப்பட்டன. பூட்டு இல்லையெனில் வட்டு நன்றாக இருந்தும் நிரல் திறக்காது. நூலகங்கள் குறுந்தகட்டை வைத்துக்கொண்டு பூட்டை எறிந்துவிடுவது ஏட்டை வைத்துக்கொண்டு எழுத்தை அழித்துவிடுவதற்கு ஒப்பானது. சிறிது மிகையான ஒப்புமைதான். ஆனால் விளைவு ஒன்றே.

கௌவையும் கெளவையும்

இதுவரை கூறியவை தொழில்நுட்ப வரலாறாகத் தோன்றலாம். இலக்கிய ஆய்வாளருக்கு இதனால் என்ன என்ற வினா நியாயமானது. அதற்கு விடை நம் அன்றாட மின்பனுவல்களில் கிடக்கிறது.

‘அவர்கள்’ என்ற சொல் இணையத்தில் எண்ணற்ற பக்கங்களில் ‘அவா்கள்’ என்று உள்ளது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். முன்னதில் இருப்பது ரகர மெய். பின்னதில் இருப்பது கால் குறியும் அதன்மேல் புள்ளியும். பாமினி போன்ற எழுத்துருக்களிலும் தட்டச்சுப்பொறி மரபிலும் ர், ரி, ரீ ஆகியவற்றைக் காலோடு புள்ளியையோ கொக்கியையோ சேர்த்து அடிக்கும் வழக்கம் உண்டு. ரகரமும் காலும் அச்சில் நெருங்கிய வடிவம் உடையவை என்பதால் அது பிழையாகக் கருதப்படவில்லை. தாளில் அது பிழையும் அன்று. அந்தக் கோப்பை ஒருங்குறிக்கு இயந்திரத்தனமாக மாற்றும்போதுதான் கால் காலாகவே நின்றுவிடுகிறது.

இரண்டாம் வகை இன்னும் சிக்கலானது. ஔகாரக் குறியின் வலப்பகுதி ளகரத்தின் வடிவம் கொண்டது. தட்டச்சில் இரண்டுக்கும் ஒரே விசை. எனவே பழைய எழுத்துருக் கோப்பில் கொம்பு, ககரம், ளகரம் என்று வரிசையாக நின்றால் அது கௌ ஆகவும் இருக்கலாம், கெள ஆகவும் இருக்கலாம். மாற்றி நிரலை எழுதியவர் இதை எப்படித் தீர்த்தார் என்பதைப் பொறுத்துப் பிழை இருவகைப்படும். ஔகாரத்தைக் கருதாத நிரல் ‘கௌரவம்’ என்பதைக் ‘கெளரவம்’ ஆக்கும். எங்கும் ஔகாரத்தையே கருதிய நிரல் ‘வெளிநாடு’ என்பதை ‘வௌிநாடு’ ஆக்கும்; ‘தெளிவு’ என்பது ‘தௌிவு’ ஆகும். இவ்விரு வகையும் இன்று பரவலாகக் காணக்கிடைக்கின்றன. ஒருங்குறியின் இயல்பாக்க விதிகள் இவற்றைச் சரிசெய்வதில்லை. அவ்விதிகளின் நோக்கில் இவை வெவ்வேறு சொற்கள்.

இதன் பயன் என்ன? திருக்குறளின் 115ஆம் அதிகாரமான அலரறிவுறுத்தலில் அலர் என்னும் பொருளில் கௌவை என்ற சொல் பயில்கிறது. அதே அதிகாரத்தில் கவ்வை என்ற வடிவமும் உண்டு. ஔகாரமும் அவ் என்பதும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வருதல் தமிழில் பழைய வழக்கு. ஔகாரப் போலியைத் தொல்காப்பியம் மொழிமரபில் பேசுகிறது. ஆகவே கௌவை, கவ்வை ஆகிய இரண்டும் மொழியின் இயல்பான மாற்று வடிவங்கள்; ஏட்டிலும் உரையிலும் ஆராயத்தக்கவை. மின்பனுவல்களில் மூன்றாவதாகக் ‘கெளவை’ என்று ஒன்று வந்து சேர்கிறது. இது எந்த ஏட்டிலும் இல்லை. எந்தப் புலவரும் எழுதியதில்லை. ஓர் எழுத்துருவும் ஒரு மாற்றி நிரலும் சேர்ந்து ஈன்ற பாடம். அலர் பற்றிய சொல்லாட்சியை மின்பனுவலில் தேடி எண்ணும் ஆய்வாளருக்கு ஒரு பகுதிச் சான்று கிடைக்காமலே போகும். கிடைக்கவில்லை என்பதும் தெரியாது. சொல்லடைவு, சொல்நிகழ்வெண், நடையியல் ஒப்பீடு என்று எண்ணிக்கையை நம்பி எழும் எல்லா ஆய்வுகளுக்கும் இந்த இடர் பொது. (கருத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருள்களுக்கும் இது பொது: ‘அவா்’ என்று அடித்த பத்தியும் ‘அவர்’ என்று அடித்த பத்தியும் அவற்றுக்கு வேறுவேறு.)

இவற்றுள் முதல் வகையைக் களைவது எளிது. உயிர்மெய்யின் காலை அடுத்துப் புள்ளி வருதல் தமிழில் இயலாது. கண்ட இடமெல்லாம் ரகர மெய்யாக்கிவிடலாம். இரண்டாம் வகையில் அவ்வாறு கண்ணை மூடிக்கொண்டு திருத்த முடியாது. மூலக்கோப்பு எந்த எழுத்துருவில் இருந்தது, அதில் ஔகாரக் குறிக்குத் தனியிடம் இருந்ததா, எந்த விசைப்பலகையில் அடிக்கப்பட்டது என்பவை தெரிந்தால்தான் பிழையின் போக்கை முன்கூட்டியே சொல்ல முடியும். அந்த எழுத்துருவும் நிரலும் நம்மிடம் இருக்க வேண்டும் என்ற தேவை இங்கிருந்தே எழுகிறது. சுவடிப் பதிப்பில் எழுதுவோர் பிழைகளை வகைப்படுத்தும்போது எகர ஏகாரமும் ரகரமும் காலும் மயங்கும் இயல்பை முதலில் கற்பிக்கிறோம். ஏட்டெழுத்தின் இயல்பு தெரியாதவர் பாடவேறுபாட்டைத் தீர்ப்பதற்குத் தகுதியற்றவர் என்கிறோம். எழுத்துருவின் இயல்பு தெரியாதவர் மின்பனுவலை மேற்கோள் காட்டுவதை மட்டும் கேள்வியின்றி ஏற்கிறோம்.

1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம் இதில் ஒரு விதிவிலக்கு. எழுத்துருக் கோப்புகளாகத் தொடங்கிப் பின் திஸ்கிக்கும் அதன்பின் ஒருங்குறிக்கும் மாறிய அத்திட்டம், உள்ளிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர், குறியேற்றம் ஆகியவற்றைப் பனுவலின் தலைப்பில் குறிக்கும் நல்ல மரபைத் தொடக்கத்திலேயே ஏற்படுத்தியது. பின்வந்த பல தளங்கள் அப்பனுவலை எடுத்துக்கொண்டன, தலைப்பை விட்டுவிட்டன. பல்கலைக்கழக ஆய்வேடுகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. சோத்கங்கா தளத்தில் ஏற்றப்பட்ட பல தமிழ் ஆய்வேடுகள் பழைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. திரையில் தமிழாகத் தெரியும் பக்கத்திலிருந்து ஒரு வரியைப் படியெடுத்தால் பொருளற்ற உரோமன் எழுத்துகளே வரும். படிக்கலாம், தேட முடியாது. ஒரு தலைமுறையின் ஆய்வு இவ்வாறு அடைபட்டுக் கிடக்கிறது.

சரசுவதி மகாலும் காயலான் கடையும்

தஞ்சை வட்டாரத்துக்குத் திரட்டல் புதிதன்று. இரண்டாம் சரபோஜி (1798–1832) சரசுவதி மகாலுக்குச் சுவடிகளை மட்டும் சேர்க்கவில்லை. மேலைநாட்டு நூல்களையும் படங்களையும் சேர்த்தார், கண்மருத்துவக் குறிப்பேடுகளைப் படங்களோடு எழுதி வைக்கச் செய்தார், அச்சகம் நிறுவினார். நூலையும் அதை உருவாக்கும் கருவியையும் ஒருங்கே நோக்கிய பார்வை அது. உத்தமதானபுரத்தில் பிறந்து 1880 முதல் கும்பகோணம் கல்லூரியில் பணியாற்றிய உ.வே. சாமிநாதையர், 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றும் முன்னும் பின்னும் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடினார். ஆடிப்பெருக்கில் பழைய ஏடுகளை ஆற்றில் விட்டுவிடும் வழக்கத்தை அவர் வருந்திப் பதிவு செய்துள்ளார்.

இன்றைய ஆற்றுக்குக் காயலான் கடை என்று பெயர். அலுவலகங்களும் கல்லூரிகளும் பயன்படாக் கணினிகளைக் கழிவு ஏலத்தில் விடுகின்றன. ஏலம் எடுப்பவர் எடைக்கு எடுக்கிறார். அட்டைகளின் தொடுமுனைகளில் உள்ள தங்கப்பூச்சுக்காக அவை உருக்கப்படுகின்றன. நெகிழ்வட்டுகளுக்கு அந்த விலையும் இல்லை. ஏட்டைப் புதுப்பித்துப் படியெடுக்க வேண்டும் என்னும் உணர்வு ஒரு காலத்தில் மடங்களிடமும் கவிராயர் வீடுகளிடமும் இருந்தது. வட்டைப் படியெடுக்க வேண்டும் என்ற உணர்வு எந்த நிறுவனத்திடமும் வேர்கொள்ளவில்லை.

பொருளின் ஆயுளையும் இங்கே கருத வேண்டும். பனையோலை முறையாக எண்ணெய் பூசிக் காக்கப்பட்டால் சில நூற்றாண்டுகள் நிற்கும். 360 கிலோபைட் கொள்ளும் ஐந்தேகால் அங்குல நெகிழ்வட்டு அவ்வளவு நில்லாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரத்தில் அதன் காந்தப் பூச்சின்மேல் பூஞ்சை படரும். பூஞ்சை படர்ந்த வட்டை இயக்கியில் செருகினால் வட்டும் கெடும், படிக்கும் தலையும் அழுக்கேறும். கருவி அழியும் ஆபத்து பொருள் அழியும் ஆபத்தைவிடப் பெரிது. பிரித்தானியாவில் டூம்ஸ்டே ஏட்டின் 900ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1986இல் பிபிசி ஒரு பெருந்திட்டத்தை லேசர் வட்டுகளில் வெளியிட்டது. பதினைந்து ஆண்டுகளில் அதைப் படிக்கும் கருவி அரிதாகிவிட்டது. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்கள் 2002 அளவில் போன்மி எழுதி மீட்க வேண்டியதாயிற்று. 1086ஆம் ஆண்டின் தோலேட்டை அப்போதும் படிக்க முடிந்தது. இந்நிகழ்வு பலமுறை எடுத்துக்காட்டப்பட்டதே. எனினும் அங்கே மீட்க ஒரு வட்டாவது, ஒரு கருவியாவது எஞ்சியிருந்தது என்பதைத் தமிழ்ச் சூழலில் வைத்து நினைக்க வேண்டும்.

தனிமனிதர் ஒருவரின் திரட்டல் நிறுவனமாக மாறியதற்குத் தமிழில் முன்மாதிரி உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா துண்டு வெளியீடுகள், நாடகப் பாட்டுப் புத்தகங்கள், விளம்பரத் தாள்கள் என்று பிறர் ஒதுக்கியவற்றையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. குசிலிப் பதிப்புகளை ஆய்வுப்பொருளாக இன்று கருத முடிகிறதென்றால் அவை கிடைத்ததே முதற்காரணம். எவை ஆய்வுக்குரியவை என்ற தீர்ப்பு பெரும்பாலும் எவை எஞ்சின என்பதைப் பின்தொடர்ந்தே வருகிறது.

சட்டத்தின் இடைவெளி

1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டம் நூல்களையும் நாளிதழ், பருவ இதழ்களையும் கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு அளிக்கச் செய்கிறது. மென்பொருள் அதில் இல்லை. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், வணிக நோக்கற்ற பொதுநூலகம் பாதுகாப்புக்காக ஒரு படைப்பை மின்வடிவில் சேமிக்க இடம் தருகிறது. ஆனால் அப்படைப்பின் மின்வடிவமல்லாத படி ஏற்கெனவே நூலகத்தில் இருக்க வேண்டும் என்கிறது. நூலுக்குப் பொருந்தும் இந்நிபந்தனை, பிறக்கும்போதே மின்வடிவாகப் பிறந்த மென்பொருளுக்குப் பொருந்தாது. முறையாக வைத்திருப்பவர் காப்புப் படி எடுக்கலாம் என்ற வேறொரு விலக்கு உண்டு; அது நூலகத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டதன்று. முன்னோடிகளுள் பலர் நம்மிடையே வாழ்பவர்கள். தங்கள் மென்பொருளைப் பலர் இலவசமாகவே வழங்கியவர்கள். அவர்களிடம் எழுத்து மூலம் இசைவு பெறுவது இன்று இயலும். பதிப்புரிமையின் 60 ஆண்டுக் காலம் முடியும்வரை காத்திருந்தால் இசைவு தேவைப்படாது, படிப்பதற்கு வட்டும் இராது.

எதைச் சேகரிப்பது

தமிழ்ப் பல்கலைக்கழகமோ சரசுவதி மகாலோ இவ்வட்டாரத்தில் ஒரு சிறு தொகுதியைத் தொடங்குமாயின், வட்டுகளையும் கணினிகளையும் குவிப்பது முதற்பணியாக இருத்தல் கூடாது. இடமும் பணமும் அதிலேயே தீர்ந்துவிடும். எழுத்துருக் கோப்புகளும் அவற்றின் இடவரைபடங்களும் முதலில் வேண்டும். இவை அளவில் மிகச் சிறியவை, பயனில் மிகப் பெரியவை. அடுத்து மாற்றி நிரல்கள், பதிப்பு வேறுபாடுகளோடு. ஒரே மென்பொருளின் இரு பதிப்புகளுக்கிடையே ஓர் எழுத்தின் இடம் மாறியிருந்தால் அது பாடவேறுபாட்டுக்குச் சமமான செய்தி. பின்னர் கையேடுகள், விசைப்பலகையின் மேல் ஒட்டும் தமிழ் எழுத்துத் தாள்கள், 1990களில் வந்த ‘தமிழ் கம்ப்யூட்டர்’ போன்ற இதழ்களின் விளம்பரப் பக்கங்கள். இதழ்களைக் கட்டடம் செய்யும்போது விளம்பரங்களைக் கிழித்துவிடும் பழக்கம் சில நூலகங்களில் உண்டு. இவ்வாய்வுக்கு அப்பக்கங்களே முதன்மைச் சான்று. அட்டைகளும் வன்பூட்டுகளும் எண்ணிக்கையில் சிலவே போதும்.

இவற்றோடு சேர்க்க வேண்டியது ஒன்று எந்தப் பெட்டியிலும் இல்லை. டெல்டாவின் டிடிபி மையங்களில் இருபது முப்பது ஆண்டுகள் பணியாற்றியோரிற் பலர் தமிழ்த் தட்டச்சில் இளநிலை, முதுநிலைத் தேர்வு எழுதிப் பயின்றவர்கள். தட்டச்சுப்பொறியின் விரல்பழக்கத்தையே கணினிக்கும் கொண்டு வந்தவர்கள். ஆய்வேடுகளையும் மலர்களையும் தலபுராண மறுபதிப்புகளையும் அடித்தவர்கள் அவர்களே. ரகர மெய்யை ரகர விசையால் அடித்தார்களா, கால் விசையால் அடித்தார்களா, ஔகாரத்துக்கு என்ன செய்தார்கள், எழுத்துருவில் இல்லாத வடமொழி எழுத்து வந்தபோது எதை மாற்றாக வைத்தார்கள் என்பவை எந்தக் கையேட்டிலும் எழுதப்படவில்லை. ஒரே மையத்தில் அடுத்தடுத்த இருக்கையில் இருந்த இருவர் வேறுவேறு வழக்கம் உடையவராக இருந்திருக்கலாம். ஒரே நூலின் முற்பகுதியில் ‘அவர்’ என்றும் பிற்பகுதியில் ‘அவா்’ என்றும் வருவதற்கு அதுவே காரணமாகலாம். ஏட்டின் இறுதியில் எழுதினவர் தம் பெயரும் ஊரும் நாளும் குறித்து வைப்பார். அச்சிட்ட நூலில் ‘ஒளியச்சுக் கோப்பு’ என்ற ஒற்றை வரியில் ஒரு கடையின் பெயர் இருக்கும். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு போய் அக்கடையில் எந்த எழுத்துருவில், எந்த விசைப்பலகையில், யார் அடித்தார் என்று கேட்டுப் பதிவு செய்வதே இத்தொகுதியின் களப்பணி.